முதலாளியைக் குளிக்க வைத்தது குறித்து போலீஸ் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம்

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதிக்கொள்ளப்பட்டது. பண்ணையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, சோப்பக்கா என்று கேட்டால் வாசல் காவலாளியே கைகாட்டுவார். வயது நாற்பத்தேழு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெருவில் மாடி வீட்டில் கணவருடனும் நாத்தனாருடனும் குடியிருக்கிறேன். ஒன்பது கொட்டகை உள்ள கோழிப்பண்ணையில் பதினோரு வருடமாக உடைமாற்றும் அறை என் பொறுப்பில் இருக்கிறது. இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் இல்லை.

நோய் கண்ட கொட்டகைக்குள் போனவர் யாராக இருந்தாலும், வெளியே விடும் முன் சோப்புப் போட்டுத் தலைக்குக் குளிக்கச் செய்து, போட்டிருந்ததை வாங்கி அரை மணி நேரம் கொதிக்க வைத்து, பண்ணைச் சீருடை கொடுத்து அனுப்புவது என் வேலை. இது பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறது. "யாருக்கும் விலக்கு இல்லை" என்ற வரிக்குக் கீழே முதலாளி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இன்று காலை நான்காம் கொட்டகையில் கோழிகள் தலை வீங்கிச் சுருண்டு விழுந்தன. கால்நடை மருத்துவர் வந்து மாதிரி எடுத்து, இது மனிதருக்கும் தொற்றும் காய்ச்சலாக இருக்கலாம், முடிவு வரும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம் என்று சொல்லிச் சென்றார். அதன் பிறகு மதியம் ஒன்றரை மணிக்கு முதலாளி கோட்டு சூட்டுடன் வந்தார். நான்கு மணிக்கு அவருக்குப் பாதுகாப்பான பணியிடத்துக்கான விருது கொடுப்பதாக இருந்தது. மருத்துவர் பூச்சாண்டி காட்டுகிறார் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, தீவனம் இறக்கும் பின்கதவைத் தன் சாவியால் திறந்து நான்காம் கொட்டகைக்குள் போனார். கதவு காற்றில் சாத்திக்கொண்டு வெளிப்பக்கம் தாழ் விழுந்துவிட்டது. அதனால் அவர் என் அறை வழியாகத்தான் வெளியே வர வேண்டியதாயிற்று.

நான் வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவரை அடைத்து வைத்ததாகப் புகாரில் சொல்லியிருப்பது இதைத்தான். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. பலகைல கையெழுத்துப் போட்டது நீங்கதான்."

"ஒரு நிமிஷ வேலைம்மா, விடு."

ஒரு நிமிடம் என்ற சொல்லை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்போதைய மேலாளர் இப்படித்தான் கேட்டார், நான் விட்டேன். அவர் காலோடு போன கிருமி ஆறாம் கொட்டகைக்குப் போனது. அங்கே முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த என் நாத்தனார் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். இன்றும் எங்கள் மாடிப்படியில் நாலாவது படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துதான் மேலே வருகிறாள். அது என் தப்பு. அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று ஒரு மணி நேரம் என்னைத் திட்டிவிட்டு முதலாளி குளிக்கப் போனார். தலை நனையாமல் வந்ததால் திருப்பி அனுப்பினேன். அவருக்குத் தலையில் முடி இல்லை என்பது உண்மை, ஆனால் பலகையில் அதற்கு விலக்கு இல்லை. கோட்டு, பேண்ட், சட்டை, டை எல்லாவற்றையும் விதிப்படி கொதிக்க வைத்தேன். கோட்டு வெளியே வந்தபோது பொம்மைக்குப் போடும் அளவில் இருந்தது, இதை நான் மறுக்கவில்லை. பெரிய சீருடைகள் துவைக்கப் போயிருந்ததால் பதினேழாம் எண் போட்ட சிறியதைக் கொடுத்தேன். மேலே மூன்று பொத்தான் சேரவில்லை. விருது கொடுப்பவர்கள் ஃபோன் செய்தபோது ஓட்டுநர், "ஐயா குளிச்சிட்டிருக்காருங்க" என்று உண்மையைச் சொன்னார்.

காலணியை மட்டும் முதலாளி என்னிடம் கொடுக்கவில்லை. அதையும் கொதிக்க வைத்துவிடுவேன் என்று பயந்து குளியலறை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். ஓட்டுநர் அதைக் குச்சியால் தூக்கிப் பையில் போட்டார். முதலாளி ஃபோன் செய்து வரவழைத்த போலீஸ் ஜீப் வந்ததும், அவர் ஆதாரம் என்று சொல்லி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். நிலையத்துக்கு வந்ததும் அந்தப் பையைப் பற்றி மூன்று முறை சொன்னேன். தன் வீட்டில் எட்டுக் கோழி வளர்ப்பதாகச் சொன்ன, இதை எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தர், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்றார். அதன் பிறகு காலணியைக் கையால் எடுத்துத் தன் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். விரலை நாக்கில் தொட்டுத்தான் தாளைப் புரட்டுகிறார். இதுவரை ஏழு முறை. இதையும் எழுதச் சொன்னேன், எழுதினார், எட்டாவது முறை தொட்டார்.

இந்த இடத்தில் கால்நடை மருத்துவர் போலீஸ் ஆய்வாளருக்கு ஃபோன் செய்து, முடிவு வந்துவிட்டது, அதே காய்ச்சல்தான் என்றார். எழுத்தர் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் காலணியைப் பார்த்தார், பையை வாங்கி வைத்த தன் கையைப் பார்த்தார், அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப என்னக்கா பண்ணணும்?"

சொன்னேன். மருத்துவரையும் இங்கேயே வரச் சொன்னேன். நிலையத்து வாசலைப் பூட்டிச் சாவியை ஆய்வாளரே என் கையில் கொடுத்தார். எல்லாரும் பின்பக்கக் குழாயடியில் வரிசையில் நிற்கிறார்கள். எழுத்தர் முதலில் குளித்து, வாய் கொப்பளித்து, வேறு பேனாவில் இதை எழுதுகிறார்.

பதினேழாம் எண் சீருடையில் பெஞ்சில் இருந்த முதலாளி, தான் ஏற்கெனவே குளித்துவிட்டதாகச் சொன்னார். மடியில் பை இருந்ததை நினைவுபடுத்தினேன். இந்த முறை அவர் "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்கவில்லை.

"சுடுதண்ணி இருக்குமா?" என்றார்.

மேலே உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை, படித்துக் காட்டியதைக் கேட்டுச் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்து, எழுத்தர் கை கழுவியதை நேரில் பார்த்த பிறகு போட்டது.