பழைய நம்பர்

— இல்லீங் கண்ணு, மறுபடியும் அதேதான் வருது. நீங்க எத்தனை தடவை புதுசுன்னு அமுக்குனாலும், ஆதாரைப் போட்டதும் பழைய ஃபைலுக்குப் போயிருது. இதுக்கு முன்னாடி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்களா?

— வந்திருக்கேன்க்கா. டெங்கு வந்தப்ப. நாலு வருசம் இருக்கும். அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல.

— அதானுங்க. அப்ப குடுத்த ஃபோன் நம்பர்தான் இதுல நிக்குது. பாருங்க, கடைசி ரெண்டு எண்ணு நாப்பத்தேழுன்னு காட்டுது. அந்த ஃபோனுக்கு ஓடிபி போகும். அதைப் போட்டாத்தான் இந்த டோக்கன் குடுக்கற பொட்டி அடுத்த பக்கம் தெறக்கும். அந்த ஃபோனு கையில இருக்குதுங்களா?

— அது எங்கம்மா நம்பர்.

— அப்பறமென்னங்க. அம்மாவைக் கூப்புட்டுக் கேட்டாப் போச்சு.

— வேற வழி இல்லையாக்கா? கவுன்டர்ல போயி என் பேரை எழுதிக் குடுத்தா ஆகாதா?

— கவுன்டரை எடுத்து ஆறு மாசமாச்சுங்க. முன்னால அங்க அஞ்சு புள்ளைக உக்காந்திருந்தாங்க. இப்ப இந்தப் பொட்டி நாலு, பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க நான் ஒருத்தி. டாக்டர் ரூம்லயும் இது குடுக்கற சீட்டைத்தான் கேப்பாங்க.

— அப்ப நம்பரையாவது மாத்தித் தாங்கக்கா.

— மாத்தலாமுங்க. அதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும். ஏனுங்க, மொகமே வாடிப் போச்சு? எந்த டாக்டரைப் பாக்கோணும்?

— வயித்துல இருக்கற குழந்தைக்கு இருதயம் பாக்கற டாக்டர். நல்லூர்ல ஸ்கேன் எடுத்தவங்க, குழந்தை இருதயத்துல ஒரு அறை சரியாத் தெரியலைன்னு சொன்னாங்க. இங்க காட்டச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க. இந்தாங்க சீட்டு.

— அவரு கோயமுத்தூர்ல இருந்து வியாழக்கெழமை மட்டும் வர்றவருங்க. பன்னண்டுக்குள்ள டோக்கன் விழலைன்னா அடுத்த வாரந்தான். இப்பவே பதினொன்னு முப்பத்தஞ்சு. எத்தனை மாசமுங்க?

— அஞ்சு முடிஞ்சிருச்சு. இன்னும் தள்ளிப் போடாதீங்கன்னு நல்லூர் டாக்டரம்மா ரெண்டு தடவை சொல்லிட்டாங்க.

— அப்பறம் எதுக்குங்க யோசிக்கறீங்க? பெத்த தாய்கிட்ட ஆறு நம்பர் கேக்கறதுக்கு என்ன?

— எங்கம்மாகிட்ட நான் பேசி ரெண்டு வருசமாச்சு. எங்க அத்தை பையனுக்குத் தேதி குறிச்சு வச்சிருந்தாங்க. நான் எங்க பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் கூட வந்துட்டேன். அவரு எங்க ஆளுங்க இல்ல. அப்பா என்னைத் தலை முழுகிட்டாரு. நானும் அன்னிக்கே பழைய சிம்மை ஒடிச்சுப் போட்டுட்டேன். அதுக்கப்பறம் அவங்களும் தேடல, நானும் போகல.

— உங்க ஊட்டுக்காரரு வரலீங்களா?

— மோகன்ராஜுக்கு இன்னிக்கு ஷிப்மென்ட். மத்தியானம் எப்படியாவது வந்தர்றேன்னாரு.

— சரிங் கண்ணு. மனசைக் கல்லாக்கிட்டுக் கூப்புடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, அம்மா சொல்லச் சொல்ல நான் அமுக்கிக்கறேன். ரெண்டு நிமிசந்தான் தாங்கும். மூணு தடவை வீணாச்சுன்னா நாளைக்குத்தான் தெறக்கும். அனுப்பட்டுங்களா?

— அனுப்புங்க. ரிங் போகுது.

— அலோ, யாரு? யாருங்குறேன்ல. கம்பெனியில இருந்தா? நான்தேன் இந்த வாரம் வரலைன்னு சூப்பர்வைசர் தம்பிகிட்ட சொல்லிட்டேனே.

— அம்மா, நாந்தான்.

— நாந்தான்னா யாரு?

— சித்ரா. வச்சிராதம்மா. ஒரே ஒரு நிமிசம். இப்ப உன் ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும், அதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் உன்னைக் கேக்க மாட்டேன்.

— ரெண்டு வருசம் கழிச்சுக் கூப்புட்டு நம்பர் கேக்குறியா நீ? நல்லா இருக்கியாம்மா, செத்தியாம்மான்னு ஒரு வார்த்த இல்ல.

— அதெல்லாம் அப்பறம் பேசலாம்மா. நேரம் ஓடுது. மெசேஜைப் பாரு.

— எங்க நிக்குற நீ? இரைச்சலாக் கெடக்கு.

— ஆஸ்பத்திரியில. டெங்கு வந்து பன்னண்டு நாள் படுத்திருந்தேனே, அதே ஆஸ்பத்திரி. அம்மா? லைன்ல இருக்கியா?

— அங்க எதுக்குப் போன?

— ஒரு டாக்டரைப் பாக்கணும்.

— யாரும் ஒங்கிட்ட எதுவும் சொன்னாகளா?

— யாரு, என்ன சொல்லணும்?

— ஒண்ணுமில்ல. அங்கிட்டுப் போவாத. திருப்பூர்ல ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? வேற எங்கிட்டாவது போயிப் பாரு.

— ஏனுங்க கண்ணு, மொதத் தடவை முடிஞ்சுபோச்சு. ரெண்டாவது அனுப்பறேன். அம்மாகிட்டச் சொல்லுங்க, புதுசா வர்றதைத்தான் படிக்கோணும்.

— அது யாருடி பக்கத்துல?

— இங்க வேலை பாக்கற அக்கா. அம்மா, இப்ப இன்னொண்ணு வரும். அதைச் சொல்லு.

— என் நம்பரை எதுக்கு அதுல போடுற? வேற நம்பரப் போட்டுக்கிற வேண்டியதுதான.

— போட முடியலம்மா. அது உன் நம்பரைத்தான் கேக்குது. நானென்ன ஆசைப்பட்டா கேக்கறேன்?

— அப்ப வேற ஆஸ்பத்திரிக்குப் போங்குறேன்.

— என் பேரு உன் ஃபோன்ல ஒரு மெசேஜா வர்றதுகூட உனக்குப் பிடிக்கல. அப்படித்தான?

— நான் அப்புடிச் சொன்னனா?

— வேற எப்படிச் சொல்றதாம்? அப்பா தலை முழுகினாரு, சரி. அவரு கோபம் எனக்குத் தெரியும். நீயாவது ஒரு நாள் வருவேன்னு ஆறு மாசம் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். பாண்டியன் நகர்ல நம்ம வீட்டுல இருந்து நான் இருக்கற எடத்துக்கு ஒரே பஸ்சு. நீ வரல. இப்ப ஆறே ஆறு நம்பர். அதைச் சொல்லவும் உனக்கு மனசு வரல.

— ரெண்டாவதும் போச்சுங்க. இனி ஒண்ணுதான் பாக்கி. ஃபோனை இங்க குடுங்க கண்ணு. நீங்க உக்காருங்க. அம்மா, வணக்கமுங்க. என் பேரு மயிலாளுங்க. நான் நடுவுல பேசறதுக்குக் கோவிச்சுக்கப்படாது.

— சொல்லுங்கம்மா.

— உங்க புள்ள உங்ககிட்டச் சொல்ல மாட்டேங்குது. அது வயித்துல அஞ்சு மாசம். குழந்தை நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு சந்தேகப்பட்டு அனுப்பியிருக்காங்க. பாக்கற டாக்டரு இன்னிக்கு மட்டுந்தான் இருப்பாரு. பன்னண்டு மணிக்கு டோக்கன் நின்னுரும். இப்ப பத்து நிமிசம் இருக்குதுங்க. உங்க சண்டையில எனக்குப் பங்கில்ல. அந்த நம்பர் மட்டும் இருந்தாப் போதும்.

— அஞ்சு மாசமா?

— ஆமாங்க.

— அவகிட்டக் குடுங்க. சித்ரா. மசக்கை ரொம்ப இருந்துச்சா?

— இருந்துச்சு.

— எனக்கும் அப்புடித்தேன், உன்னைச் சொமந்தப்ப. தண்ணி குடிச்சாக்கூட நிக்காது. யாரு பாத்துக்கிட்டா?

— யாருமில்லம்மா. நானும் அவரும்தான். அம்மா, பயமா இருக்கு. நெட்டுல பாத்தேன், பொறந்த அன்னிக்கே ஆபரேசன் பண்ணணும்னு போட்டிருக்கு. சில குழந்தைங்க அதுவரைக்கும்கூட...

— பேசாத. அந்தப் பேச்சே வேணாம். அனுப்பச் சொல்லு, நம்பரச் சொல்லுறேன். ஆனா நான் ஒண்ணு சொல்லுறேன், கேட்டுக்க. நம்பரைப் போட்டதும் உள்ளுக்குள்ள பேரு வரிசையா வரும். ஒம் பேரு கடைசியா இருக்கும். அதை மட்டும் அமுக்கு. மேல இருக்குறத வாசிக்காத.

— அது எப்படி வரும்னு உனக்கெப்படித் தெரியும்?

— தெரியும். வந்துருச்சு மெசேஜு. எழுதிக்க. எட்டு, ஒண்ணு, ஒண்ணு. ஆறு, சைபர், நாலு.

— எட்டு, ஒண்ணு, ஒண்ணு, ஆறு, சைபர், நாலு. போட்டுட்டேனுங்க. தெறந்துருச்சு. மூணு பேரு இருக்குதுங்க. பாண்டித்துரை. ராமாயி. சித்ராதேவி.

— அப்பா, அம்மா, நானு. அக்கா, அம்மா பேருக்குக் கீழ என்ன அது செவப்பா?

— அதை விடுங்க கண்ணு. நேரமாச்சு. உங்க பேரை அமுக்கறேன்.

— அந்தம்மா சொல்லுறதக் கேளு சித்ரா.

— கையை எடுங்கக்கா. நான் படிக்கறேன். ராமாயி, வயது நாப்பத்தொம்பது. புற்றுநோய்ப் பிரிவு. மார்பகம். மருந்து ஏற்றும் தேதி, ஏப்ரல் ஒம்பது. வரவில்லை. ஏப்ரல் முப்பது. வரவில்லை. மே இருபத்தொண்ணு. வரவில்லை. அம்மா, இது வேற ராமாயியா?

— ஒம் பேரை அமுக்குடி மொதல்ல.

— வேற ராமாயின்னு சொல்லும்மா.

— புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு நின்ன எடத்துல அழுவாத. மயிலாளம்மா, நீங்க அமுக்குங்க. அவளுக்கு டோக்கன் வாங்கிக் குடுத்துருங்க.

— அமுக்கிட்டேனுங்க. டாக்டர் பேரு வந்துருச்சு. கூட இருக்கறவங்க பேரும் நம்பரும் கேக்குது, அது இல்லாம டோக்கன் விழாதுங்க. கண்ணு, உங்க ஊட்டுக்காரரு நம்பர் சொல்லுங்க. இங்க பாருங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. சரி, போட்டுட்டேன். இந்தாங்க, டோக்கன் பத்தொம்போது. மணி பதினொன்னு அம்பத்தாறு. ரெண்டாவது மாடி, லிஃப்ட்ல ஏறி எடது கைப் பக்கம்.

— அப்பாவுக்குத் தெரியுமாம்மா?

— தெரியாது. சக்கர வியாதின்னு சொல்லி வச்சிருக்கேன். அவுக நீ போன நாள்ல இருந்து கம்பெனிக்கும் போறதில்ல, தெருவுக்கும் வர்றதில்ல. செவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்காக. சோத்த வச்சாத் திங்கிறாக. அவுககிட்ட இதை எங்கிட்டுப் போயிச் சொல்ல?

— ஒரு தடவைகூட மருந்து ஏத்தலையா?

— இல்ல.

— கட்டி இப்ப எப்படி இருக்கு?

— கைய மேல தூக்க முடியல. அதான் இந்த வாரம் வேலைக்குப் போகல. துணிய மடிச்சு அடுக்குறப்ப கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருது.

— தேதி குடுத்தாங்க. பேரு ஏத்தி வச்சிருக்காங்க. மூணு தடவை, மூணு வாரத்துக்கு ஒருக்கா. அப்பறமும் ஏன்மா நீ வரல? சாகட்டும்னு விட்டுட்டியா?

— மேல போ. ஒன்னையக் கூப்புடுவாக.

— சொல்லாம நகர மாட்டேன்.

— கண்ணு, டாக்டரு எந்திரிச்சுருவாரு. லிஃப்ட்டு வந்திருச்சு, வாங்க. ஃபோனை வைக்க வேண்டாம், பேசிக்கிட்டே வாங்க.

— சொல்லும்மா. ஏன் வரல?

— வந்தேன்டி. மூணு தடவையும் விடிய எந்திரிச்சு, குளிச்சு, பஸ்சு ஏறி வந்தேன். அந்த மெஷினுக்கு முன்னாலதான் நின்னேன். கூட இருக்குறது யாருன்னு கேட்டுச்சு. மகள்னு அமுக்கி ஒம் பேரத்தேன் போட்டேன். அடுத்தாப்புல ஒன் நம்பரக் கேட்டுச்சு. எங்கிட்ட ஒன் நம்பரு இல்ல.