மெசின் திருத்திய மனுசன்

தேத்தண்ணிக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. நான் அழுதுகொண்டு சொல்லுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அழுகையெல்லாம் கலியாணம் கட்டிய முதல் வருசத்திலேயே தீர்ந்துவிட்டது.

என் புருசன் றெக்ஷன் நல்ல கடற்றொழிலாளி. கைதான் சும்மா இருக்காது. கறியில் உப்புக் குறைந்தால் என் கன்னம் வீங்கும். நெடுந்தீவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன வருசம் குடிவெறியில் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் மாட்டோடு மோதினார். தலை கல்வேலியில் அடிபட்டது. படகில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனோம். தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். மெசின்தான் அவருக்காக மூச்சு விட்டது. பக்கத்தில் இருந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். பேசாமல் கிடந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, ஐயா. அதை ஏன் மறைக்க வேண்டும்?

குழாய் கழற்றி வீட்டுக்கு வந்தவர் வேறு மனுசன். "சுகந்தி, கொஞ்சம் தண்ணி தாறீரே?" என்று கேட்பார். சோறு குழைத்து வாயில் தீத்தினேன், நடை பழக்கினேன். அப்போதுதான் எனக்கு ஒரு புருசன் கிடைத்தார்.

உடம்பு தேறத் தேறக் குரல் தடித்தது. ஒருநாள் சோற்றுக் கோப்பை பறந்து வந்து என் நெற்றியைப் பிளந்தது. மாமி மரியநாயகி கைகூப்பினார்.

"மாதாவே, என்ர பிள்ளை முந்தின மாதிரி வந்திட்டான்."

வாக்குமூலத்தில் ஆத்திரத்தில் செய்ததாக எழுதாதீர்கள். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். அந்த மெசின் இந்தத் தீவில் இல்லை, யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது. அதனால் காலைப் படகுக்குக் கொண்டுபோக நேரம் இருக்கத்தக்கதாக, அவர் நித்திரையில் கிடந்தபோது, பழைய தழும்பின் மேலேயே வேலிக் கல்லால் அடித்தேன். ஒரு அடிதான். கொல்ல நினைத்தவள் ஒன்றோடு விடுவாளா?

நானேதான் அயலவரைக் கூப்பிட்டேன். இறங்குதுறையில் படகுக்கார இன்னாசித்தம்பி அண்ணை கடலைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார்.

"சோழகக் காத்து பெலத்திட்டுது, பிள்ளை. இண்டைக்குப் படகு விட ஏலாது."

காற்றைக் கவனிக்காமல் விட்டது என் பிழை. அது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மத்தியானம் என் மடியில் அவருடைய மூச்சு நின்றது.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். படகு ஓடியிருந்தால் இப்போது மெசின் மூச்சு விட, அவர் என்னோடு அன்பாகத்தான் இருந்திருப்பார்.