நாணல்குட்டையில் மூன்று கூப்பாடு

மலைக்கு ரோடு போடாத காலம் அது. ரோடு என்ற பேச்சே இல்லாத காலம். துரை குதிரையில் போவான், சனம் காலால் போகும், அவ்வளவுதான். அப்போது மலையடிவாரத்தில் கரிக்காட்டூர் என்ற ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி வாழ்ந்தாள். இன்றைக்கு ஊரில் பாதி வீடு அவள் வயிற்றுச் சந்ததிதான். அவளை நினைத்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு கேளுங்கள் சாமிகளா. பயமாக இருந்தால் பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

காட்டுக்குள் அந்தத் துரை ஓர் இரும்பு உலை கட்டினானாம். பனைமர உயரம். செங்கல்லும் சுண்ணாம்பும். மலையில் வெட்டிய இரும்புக்கல்லை அதில் போட்டு உருக்கினார்கள். உலைக்குக் காற்று ஊத ஒரு பெரிய துருத்தி. துருத்தியை அமுக்க ஒரு மரச்சக்கரம். சக்கரத்தைச் சுற்றத் தண்ணீர் வேண்டுமே? ஓடையை மறித்து, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நாலு குட்டை வெட்டினார்கள். மேல்குட்டை, பாறைக்குட்டை, நாணல்குட்டை, சக்கரக்குட்டை. ஒன்று நிறைந்து மதகு வழியாக அடுத்ததில் விழும். கடைசியில் சக்கரத்தில் விழும். சக்கரம் சுற்றினால் உலை மூச்சு விடும். "ஹூம்... ஹூம்..." என்று காடு முழுக்கக் கேட்குமாம், யானை தூங்குகிற மாதிரி.

உலைக்குத் தீனி கரி. மேல்குட்டைக்கும் மேலே, காட்டு உச்சியில் மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுத்தார்கள். அந்தக் கரியைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, நாலு குட்டைக் கரையையும் தாண்டி உலைக்குக் கொண்டுவந்தது யார்? பெண்டுகள்தான். ஏழு பேர். நாலு மைல் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் முள்ளு, ஒரு பக்கம் தண்ணீர்.

கரிக்கூடையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆள் உயரத்தில் பாதி இருக்கும். கழுத்தைத் திருப்பினால் கூடை சரியும், கூடை சரிந்தால் ஆளும் சரிவாள். அதனால் பாதையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பாமல் எப்படித் தெரியும், எல்லாரும் வருகிறார்களா என்று? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். முன்னால் போகிறவள் மாராக்கா. வரிசைக்குப் பெரியவள். ஒவ்வொரு குட்டைக் கரையிலும் அவள் "ஓ..." என்று குரல் கொடுப்பாள். வரிசையில் கடைசியாக வருகிறவள், "கடேசி வந்தாச்சு!" என்பாள். கடைசி ஆள் வந்துவிட்டால் நடுவில் இருப்பவர்களும் வந்ததாகத்தானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்தார்கள்.

கடைசி ஆள் நம்ம சிலம்பாயி. அவள் தொண்டையைத் திறந்தால் மேல்குட்டைக் கொக்கு சக்கரக்குட்டைக்குப் பறக்கும்.

"ஏன்டி சிலம்பா, வீட்லயும் இப்பிடித்தான் புருசனைக் கூப்பிடுவியா?" என்று மாராக்கா முன்னாலிருந்து கேட்பாளாம். "அதான் அத்தியப்பன் உலைச் சத்தமே தேவலைன்னு அங்கயே கெடக்கறான்!"

எல்லாரும் சிரிப்பார்கள். கூடை ஆடாமல் வயிறு மட்டும் குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு.

இன்னும் ஒன்று உண்டு. கடைசி ஆளுக்குப் பின்னால் மனுசர் கிடையாது. அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டால் அது மனுசக் குரல் இல்லை. பதில் சொல்லக் கூடாது. சொன்னால் ஆளை எடுத்துக்கொள்ளும். இது மாராக்காவுக்கு அவள் மாமியார் சொன்னது, அந்த மாமியாருக்கு வேறு யாரோ சொன்னது.

அந்த வருசம் கார்த்திகையில் சிலம்பாயியின் நாத்தனார் நாச்சாயியும் கரி சுமக்க வந்தாள். அத்தியப்பனின் கூடப்பிறந்த தங்கை. பதினேழு வயசு. வரிசையில் நாலாவதாக நடந்தாள். ஒரு நாள் உச்சி நேரம். உச்சி நேரம் என்றால் வெயில் என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி, கை நீட்டினால் கை தெரியவில்லை. மாராக்கா நாணல்குட்டைக் கரையில் "ஓ..." என்றாள். சிலம்பாயி "கடேசி வந்தாச்சு!" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு "ஓ..." வந்தது.

சிலம்பாயி கூடையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். கடைசி ஆள் அவள். அவளுக்குப் பின்னால் யார்?

"ஓ..." என்று மறுபடியும். தவளை எல்லாம் கத்துவதை நிறுத்திவிட்டது.

மூன்றாவது தரம், "அண்ணீ..." என்று வந்தது.

நாச்சாயி குரல்! ஆனால் நாச்சாயி முன்னால் போகிறாளே? தெரிந்தவர் குரலில்தானே அது கூப்பிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்? வீட்டில் எட்டு மாசப் பெண்குழந்தை பால் குடிக்கக் காத்திருக்கிறது. தாயே மாரியம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எட்டி நடந்துவிட்டாள் சிலம்பாயி.

உலையடியில் கூடைகளை இறக்கினார்கள். ஆறு கூடை.

ஓடினார்கள் எல்லாரும். நாணல்குட்டைக் கரையில் நாச்சாயியின் கூடை பதமாக இறக்கி வைத்தபடி இருந்தது. கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கிற சும்மாடு நழுவியிருக்கிறது. சரிசெய்ய ஒதுங்கியிருக்கிறாள். பனியில் வரிசை அவளைக் கடந்து போயிருக்கிறது. கரைச் சேற்றில் ஒரே ஒரு காலடி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மூங்கில் விட்டுக் குட்டையின் நடுவெல்லாம் துழாவினார்கள். மூன்று நாள் துழாவினார்கள். கிடைக்கவில்லை.

அத்தியப்பன் பெண்சாதியிடம் கேட்டான்: "நீதானே கடைசி. அவ ஒரு குரல்கூடக் குடுக்கலையா சிலம்பா?"

"ஒண்ணும் கேக்கலை மாமா" என்றாள் சிலம்பாயி.

அந்தப் பொய் சொன்ன வாயில் அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

பத்து நாள் கழித்து மறுபடி கரி சுமந்தார்கள். உச்சி நேரம். நாணல்குட்டைக் கரை. மாராக்கா "ஓ..." என்றாள். சிலம்பாயி "கடேசி வந்தாச்சு" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

பின்னால், பத்தடி தூரத்தில், "ஓ..."

இந்த முறை ஆறு பேருக்கும் கேட்டது. ஒருத்தியும் திரும்பவில்லை. "பதில் சொல்லாதீங்கடி! நடங்கடி!" என்று மாராக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் பெண்டுகள் கூடையைத் தொட மறுத்துவிட்டார்கள். உலையில் கரி குறைந்தது. உலை ஒரு தரம் குளிர்ந்தால் உள்ளே இருக்கிற இரும்பு பாறையாக உறைந்துவிடும், அப்புறம் அது உலை இல்லை. ஊரே அதை நம்பித்தான் கஞ்சி குடித்தது.

ஆனால் சிலம்பாயிக்கு அந்தக் கவலை இரண்டாவதுதான். அவள் மாமியார், நாச்சாயியைப் பெற்றவள், தினமும் மகளுக்கு ஒரு வட்டிலில் கஞ்சி ஊற்றி மூடி வைப்பாளாம். ஒரு நாள் காலை மூடிக்கொண்டே சொன்னாள்: "வழி தெரியாமத்தான் நிக்கறா என் மக. ஆராச்சும் ஒரு வார்த்தை வாடின்னு சொன்னா வந்துருவா. சொல்றதுக்கு ஆளில்லை."

சிலம்பாயி கேட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். வயிறு முட்டக் கொடுத்தாள். மாமியார் மடியில் படுக்க வைத்தாள். "கரிக்குப் போயிட்டு வாறேன் அத்தை" என்றாள்.

"தனியாவா?"

"போகும்போது தனியாத்தான்."

காட்டு உச்சிக்கு ஏறினாள். மூட்டத்தில் கரி அள்ளினாள். தூக்கிவிட ஆளில்லை. பாறைத் திட்டில் கூடையை வைத்து, குனிந்து, தானே தலையில் ஏற்றிக்கொண்டாள். இறங்க ஆரம்பித்தாள். அன்றைக்குப் பனி இல்லை, நல்ல வெயில். வெயிலில் காடு அப்படி அமைதியாக இருக்கக் கூடாது சாமிகளா. மேல்குட்டையில் கொக்கு இல்லை. பாறைக்குட்டையில் தண்ணீர் விழுகிறது, விழுகிற சத்தம் இல்லை. தூரத்தில் உலை மட்டும் "ஹூம்... ஹூம்..." என்று இழுத்து இழுத்து, சீக்காளி மாதிரி.

நாணல்குட்டை வந்தது. காற்றில்லாமல் நாணல் ஆடியது. முன்னால் குரல் கொடுக்க மாராக்கா இல்லை. சிலம்பாயியே "ஓ..." என்றாள். "கடேசி வந்தாச்சு" என்று சொல்லவில்லை. சொல்லாமல் நின்றாள்.

"ஓ..." என்று வந்தது பின்னாலிருந்து.

பதில் சொன்னால் எடுத்துக்கொள்ளும். பிள்ளை முகம் கண்ணுக்குள் வந்தது. தாயே, என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"கேக்குது அம்மிணி" என்றாள். "நான் கடேசி இல்லை. நீதான் கடேசி. வா, போலாம்."

சத்தமே இல்லை. ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம். அப்புறம் சளக். சளக். ஈரக்கால் பாதையில் ஏறுகிற சத்தம்.

சிலம்பாயி நடந்தாள். பின்னால் சளக், சளக். சேற்று வாடை. பின்கழுத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பனிக்கட்டி மாதிரி. தலையில் கூடை கனத்துக்கொண்டே வந்தது. திரும்பவில்லை அவள். திரும்பாமலே பேசிக்கொண்டு நடந்தாளாம்.

"அத்தை தெனமும் கஞ்சி வச்சுட்டு உக்காந்திருக்காங்க அம்மிணி."

சளக். சளக்.

"உங்கண்ணன் என்னக் கேட்டாரு. ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிட்டேன். கேட்டுச்சு நாச்சா. மொத கூப்பாடே கேட்டுச்சு. பயந்துட்டேன்."

காலடி நின்றுவிட்டது. சிலம்பாயியும் நின்றாள். காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், அந்தக் குரல் சொன்னது:

"தெரியும் அண்ணி. நீங்க நின்னீங்க. உங்க காலடி நின்னது எனக்குக் கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னது. திட்டவில்லை, அழவில்லை. அதைவிட அது தன்னை எடுத்துக்கொண்டே போயிருக்கலாம் என்று சிலம்பாயி பிற்பாடு சொன்னாளாம். அந்த நாள் பனியில், மூன்றாவது கூப்பாட்டுக்கு அவள் கால் நின்றது உண்மை. ஒரே ஒரு கணம். அண்ணி வருகிறாள் என்று அந்தப் பெண் அங்கே நம்பியிருக்கிறாள்.

அழுதுகொண்டே நடந்தாள் சிலம்பாயி. கண்ணைத் துடைக்கக் கை இல்லை, கை கூடையில் இருந்தது. சக்கரக்குட்டைக் கரையில் "ஓ..." என்றாள். "வந்தாச்சு" என்று பின்னால் பதில் வந்தது. உலையடியில் கால் வைத்ததும் சளக் சத்தம் நின்றது.

உலை வாயில் அத்தியப்பன் நின்றிருந்தான். பெண்சாதி தனியாக வருவதைப் பார்த்து ஓடிவந்து கூடையை இறக்கினான். இறக்கியவன் கையெல்லாம் தண்ணீர். காய்ந்த மூட்டத்தில் அள்ளிய கரி, குட்டையில் முக்கி எடுத்த மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சிலம்பா இது?"

அவள் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு தரம் கூப்பிட்டா மாமா. கேட்டுச்சு. நின்னேன். அப்பறம் வந்துட்டேன்."

உலைக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தியப்பன் பார்வை தரையில் இருந்தது. உலையடி மண் கரித்தூள் படிந்து கறுப்பாக இருக்கும். அதில் சிலம்பாயியின் காலடி வறண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு காலடி, ஈரமாக. சின்னக் காலடி.

ஈரம் காயுமுன் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அத்தியப்பன் முன்னால், சிலம்பாயி பின்னால், ஆட்களெல்லாம் அவர்களுக்குப் பின்னால். சக்கரக்குட்டையைத் தாண்டி, நாணல்குட்டைக் கரையில் ஏறி, தடம் மதகுப் பக்கம் திரும்பியது. மதகு வாயில் நாணல் பாய் மாதிரி பின்னி மிதந்தது. அதன்மேல் ஆடுகூட நிற்கும் என்று நினைத்து அங்கே யாரும் துழாவவில்லை. அத்தியப்பன் நாணலை விலக்கிக் கையை விட்டான். அவன் கையில் ஒரு வளையல் பட்டது.

பனியில் கரை என்று நினைத்து நாணல்மேல் கால் வைத்திருக்கிறாள், சேறு காலைப் பிடித்திருக்கிறது. கழுத்தளவில் நின்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பாதையிலிருந்து ஆறே அடி.

மாமியார் அன்றைக்கு மகளைத் தன் கையால் குளிப்பாட்டினாள். அன்றிலிருந்து வட்டிலை மூடி வைக்கவில்லை. அத்தியப்பன் மூன்று மாசம் பெண்சாதியோடு பேசவில்லை என்கிறார்கள். நாலாம் மாசம் ஒரு நாள், "பிள்ளைக்குப் பசிக்குது, எடு" என்றானாம். அதுதான் அவன் மன்னித்த விதம்.

பெண்டுகள் மறுபடி கூடையைத் தொட்டார்கள், உலை பிழைத்தது. இன்னும் பல வருசம் ஊதியது. ஆனால் சிலம்பாயி பழைய மாதிரி கரி சுமக்க ஒத்துக்கொள்ளவில்லை. உலையில் இரும்பு போக மிச்சமாகிக் கழிகிற கறுப்புக் கசடு, கண்ணாடி மாதிரி மின்னும் பாருங்கள், அதைக் கட்டிகட்டியாகச் சுமந்து நாணல்குட்டைக் கரையில் அடுக்கினாள். அவள் அடுக்குவதைப் பார்த்து மாராக்காவும் மற்றவர்களும் சுமந்தார்கள். மார்பு உயரம், ஏழு கூடை நீளம். ஒரு சுமைதாங்கி. இனிமேல் எவளும் சும்மாடு சரிசெய்யத் தனியாக ஒதுங்க வேண்டாம். வரிசை முழுக்க அங்கே நிற்க வேண்டும், எல்லாரும் கூடையை இறக்க வேண்டும், எல்லாரும் திரும்பிப் பின்னால் வருகிறவள் முகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம்தான் நடை.

துரை போய்விட்டான். சக்கரம் உளுத்து விழுந்துவிட்டது. உலையின் உச்சியில் அரசமரம் முளைத்து, வேர் செங்கல்லைக் கவ்விக்கொண்டிருக்கிறது. நாலு குட்டையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது சனிக்கிழமையானால் பட்டணத்துப் பிள்ளைகள் பழைய உலையைப் பார்க்க அந்தப் பாதையில் நடந்து வருகிறார்கள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். கரிக்காட்டூர் ஆள் கூட வந்தால் அந்தக் கறுப்புச் சுமைதாங்கியில் எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொல்வார்கள். திரும்பிப் பின்னால் இருப்பவர் முகத்தைப் பார்க்கச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே செய்வார்கள் பிள்ளைகள்.

வரிசையில் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் யாரும் இல்லையே? அதனால் கடைசியில் எப்போதும் எங்கள் ஊர் மருமகள் ஒருத்திதான் நிற்பாள். அவள் நாணல் பக்கம் திரும்பி, "கேக்குது அம்மிணி" என்று சொல்ல வேண்டும். ஒன்றும் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உடனே நடக்கக் கூடாது. கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.