நான்கு மணி நேர மூச்சு

எங்கள் வீட்டு போர் தண்ணீர் அந்த மெஷினுக்கு ஆகாது இன்ஸ்பெக்டர் மேடம். ஒரு வாரம் ஊற்றினாலே டப்பாவின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. கோடு போட்ட அளவுக்கு ஊற்றி, காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இதெல்லாம் ஒரு பெரிய வேலையா என்று நீங்களே சொல்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு இதுகூட முடியவில்லை.

அவர் குடிப்பாரா என்று கேட்டீர்கள். குடிக்க மாட்டார். போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவாரா என்று கேட்டீர்கள். அதுவும் கிடையாது. தூங்கிவிட்டாரா என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. ஏனென்றால் உங்கள் மேஜையில் ரிப்போர்ட் இருக்கிறது. ஸ்கூல் வேன் டிரைவர் திருப்பதி மூன்று மாதமாகத் தினமும் ஏழு மணி நேரம் மாஸ்க் மாட்டிக்கொண்டு, மூச்சுத் தடையில்லாமல் நன்றாகத் தூங்கியிருக்கிறார் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அந்த ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். என் பெயர் செல்வராணி. ஊர் அரிமளம். எட்டாவது வரை படித்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஏப்ரலில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவர், என்ஜினை அணைக்காமலே தூங்கிவிட்டார். வண்டி உருண்டு போய் காம்பவுண்டுச் சுவரில் முட்டியது. யாருக்கும் அடியில்லை. தாளாளர் அன்றைக்கே வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். ஒரு ராத்திரி ஒயர் மாட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது என்றார்கள். அதனால்தான் பகலில் கண் சொருகுகிறதாம். மூக்கு வழியாகக் காற்றை ஊதுகிற மெஷினை மாட்டிக்கொண்டுதான் இனிமேல் தூங்க வேண்டும் என்றார்கள்.

தாளாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மெஷினுக்குள் ஒரு கார்டு இருக்கிறது, எத்தனை மணி நேரம் மாட்டினார் என்பது அதில் பதிவாகும். மாதாமாதம் அந்த ரிப்போர்ட் வர வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். எங்கள் மகள் சத்யா அதே பள்ளியில் நான்காவது படிக்கிறாள். அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கிடையாது. சாவி போனால் அவள் படிப்பும் போகும். நான் எட்டாவதோடு நின்றவள். என் பிள்ளை நிற்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மெஷினைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டிய பையன் பெலிக்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னான்.

"அண்ணே, வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குனீங்கன்னா மூக்கு வழியா போற காத்து வாய் வழியா வெளிய வந்துரும். அதுல வாய் காயும். இந்தாங்க, தாடைப் பட்டை. தலையச் சுத்திப் போட்டா வாய் மூடிக்கும். தண்ணி டப்பாவுல சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைங்க. மூக்கு அடைச்சா உப்புத்தண்ணி மருந்து விடுங்க. அப்பவும் சரியாகலைன்னா வாயையும் சேத்து மூடுற பெரிய மாஸ்க் இருக்கு, எனக்கு ஒரு போன் போடுங்க. மாத்திக் குடுத்துருவேன்."

இவர் ஒன்பது நாள் மாட்டினார். அதுவும் அரைகுறையாக. ராத்திரி பாதியில் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்.

"நாக்கு மேல ஒட்டிக்கிருது ராணி. பிச்சு எடுக்க வேண்டியிருக்கு. வாய்க்குள்ள மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. என்னால முடியல."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. கல்யாணத்துக்கு முன்பு நான் சித்திரை வெயிலில் தைலமரக் காட்டில் கட்டை அடுக்கியவள். மத்தியானம் வரை ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது. உதடு வெடித்து ரத்தம் வரும். அதற்காக யாரும் எனக்கு மெஷின் வாங்கித் தரவில்லை. வாய் காய்கிறதாம். ஒரு ஆம்பிளை, பெண்டாட்டி பிள்ளை உள்ளவர், வாய் காய்கிறது என்று வேலையை விடப் பார்க்கிறார். பெலிக்ஸுக்குப் போன் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் போட்டால் இவர் மாட்டவில்லை என்பது அவனுக்குத் தெரியும், அவன் மூலம் தாளாளருக்குத் தெரியும். அதனால் போட வேண்டாம் என்றேன்.

முதல் மாத ரிப்போர்ட்டில் நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வந்தது. அடுத்த மாதமும் இப்படி என்றால் சாவி என்று தாளாளர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் மாஸ்கைத் தலையணை மேல் வைத்து மெஷினை ஓட விட்டுப் பார்த்தேன். அது ஏமாறவில்லை. எதிரில் மூச்சு விடுகிற ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு தானாக அணைந்துவிட்டது. ஆள் வேண்டும் என்று புரிந்தது. நான் மாட்டிக்கொண்டு படுத்தேன்.

எனக்கும் வாய் காய்ந்தது மேடம். அதை மறைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு பக்க மூக்கு அடைப்பு, நானும் வாயைத் திறந்துதான் தூங்குவேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஆனால் நான் கழற்றி எறியவில்லை. படுக்கும் முன்பு மருந்தை விட்டு மூக்கைச் சுத்தம் செய்தேன். சூட்டை ஒவ்வொரு நாளும் ஒரு எண் கூட்டிப் பார்த்தேன். குழாய்க்குள் ஈரம் கோத்து முகத்தில் சொட்டியபோது, குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டேன். மல்லாந்து படுப்பதை விட்டு ஒருக்களித்துப் படுத்தேன். தாடைப் பட்டை அவர் அளவுக்குப் பெரியதாக இருந்தது. நான் ரவிக்கை தைக்கிறவள்தானே, இரண்டு விரல் அகலம் வெட்டிவிட்டு எனக்குத் தோதாகத் தைத்துக்கொண்டேன். எட்டாவது நாள் காலையில் எழுந்தபோது என் வாய் ஈரமாக இருந்தது. மெஷினில் சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.

அடுத்த மாதம் பெலிக்ஸ் கார்டைப் பார்த்துவிட்டு அசந்து போனான்.

"அண்ணே, பிரமாதம். வாய் வழியா லீக்கே இல்ல. மூச்சு நிக்கிறது மணிக்கு ஒண்ணுதான். எப்புடிண்ணே பழகுனீங்க? எங்க பேஷண்டுக எல்லாம் ஒங்களப் பாத்துக் கத்துக்கணும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்து வயதுக்குப் பிறகு யாரும் என்னை எதற்கும் பாராட்டியதில்லை. அந்தப் பாராட்டு என்னுடையது. ஒரு மாதம் பாடுபட்டு வாங்கியது.

அவர் கூடத்தில் பாயைப் போட்டுப் படுப்பார். நான் உள்ளே மெஷினோடு படுப்பேன். முன்பெல்லாம் அவர் குறட்டை திடீரென்று நின்று, திணறி, மறுபடி கிளம்புவதைக் கேட்டு நான் எழுந்து உட்காருவேன். மெஷின் காற்று ஊதுகிற சத்தத்தில் அது கேட்காமல் போனது. உண்மையைச் சொன்னால் அந்த மூன்று மாதம் நான் தூங்கியது போல் என் வாழ்நாளில் தூங்கியதில்லை.

மூன்றாவது மாதம், செப்டம்பர் கடைசியில், சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"ராணி, இன்னைக்கு மெஷின எனக்குக் குடு. கண்மாக்கரை வளைவுல ஒரு நொடி எங்க இருக்கேன்னே தெரியல. புள்ளைக கத்துன சத்தத்துலதான் முழிச்சேன். வாய் காஞ்சாக் காயட்டும். நான் மாட்டிக்கிறேன்."

"நாலு நாள்ல ரிப்போர்ட் எடுக்கப் போறான். இப்பப் போயி நீங்க மாட்டி, வாய் தொறந்துச்சுன்னா அம்புட்டு நம்பரும் கெட்டுப் போயிரும். ரிப்போர்ட் முடியட்டும், அப்புறம் மாட்டிக்கங்க" என்றேன்.

"நாலு நாளா?"

"நாலே நாளுதான். காப்பியக் குடிச்சுட்டு ஓட்டுங்க. பாட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டுங்க."

ரிப்போர்ட் நன்றாக வந்தது. அன்று ராத்திரி அவர் மாட்டிப் பார்த்தார். தாடைப் பட்டை சேரவில்லை. நான் வெட்டிவிட்டேன் அல்லவா, கன்னத்தை இறுக்கியது. ஒட்டுத்துணி வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். தையல் மெஷின் பக்கத்திலேயே இருந்தது. கால் மணி நேர வேலை. தீபாவளித் துணி வந்து குவிந்து கிடந்தது, நேரம் இல்லை. அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அக்டோபர் பதினேழாம் தேதி காலையில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் தூங்கினார். டீ மடியில் கொட்டித்தான் விழித்தார். "இன்னைக்கு லீவு சொல்லிரவா?" என்றார். நல்ல ரிப்போர்ட் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, இப்போது தூக்கம் என்று லீவு போட்டால் சந்தேகப்பட மாட்டார்களா என்று கேட்டேன். வேட்டியை மாற்றி பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போனார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். அதே கண்மாய்க்கரை வளைவு. வேன் திரும்பாமல் நேராக இறங்கிப் புளியமரத்தில் மோதியது. ஏழு பிள்ளைகளுக்கு அடி. இரண்டாவது படிக்கும் பிரகதீஸ்வரி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

இவர் நெஞ்செலும்பு உடைந்து கிடக்கிறார். உங்கள் ஆட்கள் கேட்டதற்கு, "என் தப்புதான்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். என் பெயரைச் சொல்லவில்லை. இதற்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. தூக்கத்தில் திறந்தே கிடக்கிற வாய், பேச வேண்டிய இடத்தில் திறக்காது. ஊரில் குடித்துவிட்டு ஓட்டினான் என்று பேசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் குடிக்கவில்லை. தூங்கினார். ரிப்போர்ட்டில் இருப்பது என் மூச்சு. அந்த மூன்று மாதமும் மெஷினை அவர் தொடவில்லை. தொட வந்தபோது நான் விடவில்லை.

இத்தோடு கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். இன்னொன்று இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் பிரகதீஸ்வரியின் அம்மா என்னிடம் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. அழுது அழுது குரலே இல்லை.

"அக்கா, ஒங்க புள்ளையும் அந்த வேன்லதானே வரும். அன்னைக்கு வரலையா?"

"வரல" என்றேன்.

பொய்யில்லை. அன்றைக்கு வரவில்லை. அதற்கு முன் மூன்று வாரமாகவும் வரவில்லை. கண்மாய்க்கரை வளைவைப் பற்றி அவர் சொன்னாரே, அதற்கு மறுநாள் காலையிலேயே நான் இன்னொரு வேன் ஓட்டுகிற வெள்ளைச்சாமி அண்ணனைப் பார்த்து, "சத்யாவுக்கு அவுக வண்டில வாந்தி வருதுண்ணே, ஒங்க வண்டில ஏத்திக்கங்க" என்றேன். அந்த வண்டி சுற்றிக்கொண்டு போகும். அரை மணி நேரம் முன்னதாகவே பிள்ளையை எழுப்பிக் கிளப்ப வேண்டும். தினமும் கிளப்பினேன். இவர் தன் சீட்டுக்குப் பின்னால் மகள் உட்காரும் இடம் காலியாக இருந்ததைக் கண்ணாடியில் பார்த்திருப்பார். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்த பிரகதீஸ்வரி, இடம் கிடைத்ததும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாளாம்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதை மட்டும் குற்றம் என்று எழுதாதீர்கள். பெற்றவள் எவளும் இதைத்தான் செய்வாள். பிரகதீஸ்வரியின் அம்மாவும் செய்திருப்பாள், யாராவது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.