வைகாசி பிறக்கும் முன் கட்ட வேண்டிய துணி

மேடையில் வீற்றிருக்கும் ஆடு வளர்ப்போர் சங்கத் தலைவர் பன்னீர்செல்வம் அவர்களே, திருவிடந்தையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார் ரங்கநாயகி அம்மா அவர்களே, ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களே, ஊர்க்காரர்களே! அனைவருக்கும் கால்நடை மருத்துவன் சிவராமின் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் மறைந்த டாக்டர் வெங்கடராகவன் அவர்களைத் தெய்வம் என்றார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. அவர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருத்துவம் பார்த்த மனிதர். சரியாகச் செய்ததும் உண்டு, தவறிப்போனதும் உண்டு. இரண்டையும் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கினால் அவருக்கே பிடிக்காது.

தொண்ணூற்றாறில் அவர் இந்த ஊர் மருந்தகத்துக்கு வந்தபோது என்ன நிலைமை? கோடை மழைக்குப் புல் முளைக்கும். அதைத் தின்று தேறிய பெட்டை ஆடுகள் வைகாசி, ஆனியில் பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி எப்போது விழும்? ஐப்பசியில், கார்த்திகையில்! விடாத மழையில், சேற்றுத் தரையில்! இருமி இருமிச் செத்த குட்டிகளை நீங்கள்தானே கூடையில் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தீர்கள்?

குளிர் நாடுகளில் பகல் சுருங்கினால்தான் செம்மறி இணை சேரும். அங்கே சூரியனே காவல். நம் ஊரில் பகலின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே காவலுக்கு ஆளில்லை. அந்தக் காவலுக்கு அவர் ஒரு துண்டுத் துணியை வைத்தார். சித்திரை முடிவதற்குள் கிடாவின் வயிற்றில் துணியைக் கட்டு. அது முன்னால் மறைத்துத் தொங்கும், இணை சேர முடியாது. ஆடி முதல் தேதி அவிழ்த்து விடு. மார்கழியிலிருந்து குட்டி விழும். மழை ஓய்ந்திருக்கும், புல் நிற்கும். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று நான் சொல்லிவிட்டேன். ஊர் ஒப்புக்கொண்டதா? எல்லையம்மன் கோயில் வாசலில் நடந்த அந்த முதல் கூட்டத்தைத் தலைவரே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

"ஏன் பன்னீர்செல்வம், கட்டிக் குடுத்த பொண்ணை ஆடி மாசம் ஏன் அழைச்சிண்டு வரேள்?" என்று கேட்டாராம் டாக்டர்.

"சித்திர வெயில்ல புள்ள பொறக்கக் கூடாதுன்னுதான் சார்."

"அப்போ கார்த்திகை மழையில குட்டி மட்டும் பொறக்கலாமா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்போ கெடாவுக்கும் மாமியார் வூடு கீதா சார்?"

"அதுக்கு மாமியார் இல்லைப்பா. அதான் துணி கொண்டுவந்திருக்கேன். எங்காத்துல எல்லாரும் திருவிடந்தைப் பெருமாளுக்குத் தினம் கல்யாணம் பண்ணி வைக்கறவா. கல்யாணத்தை நிறுத்தப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான்!"

ஊர் சிரித்தது. சிரித்த ஊர் துணியைக் கையில் வாங்கியது. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, மஞ்சளில் நனைத்த துணியைக் கொண்டுவந்து, "இது அம்மன் கிடாவுக்கு வஸ்திரம்" என்றார். பூசாரியே கட்டினார்.

ஆனால் நண்பர்களே, அன்றே அவர் இன்னொன்றும் சொன்னார். "ஒரு கிடா அவிழ்ந்தாலும் ஊர் முழுக்க வீண்!" ஒலிபெருக்கியில் சொன்னார். மருந்தகச் சுவரில் எழுதி வைத்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட அதைக் கத்திக்கொண்டு போனார்கள்.

இரண்டாயிரத்தில் ஹார்மோன் ஸ்பாஞ்சு ஆராய்ச்சிக்காக இங்கே வந்தவன் நான். அந்த ஸ்பாஞ்சை ஆட்டின் பிறப்புறுப்புக்குள் சில நாள் வைத்து எடுத்தால் பெட்டை ஆடுகளை ஒரே வாரத்தில் பருவத்துக்குக் கொண்டுவரலாம். அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த சண்டை முடியவே இல்லை. அவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவரும் என்னை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சுவர் எழுத்தைப் பார்த்ததும், "சார், இது கணக்கே இல்லை" என்றேன். "இவாளுக்குக் கணக்கு வேண்டாம், பயம் இருந்தாப் போறும்" என்றார்.

ஊர் கட்டியது. வருஷா வருஷம் கட்டியது. மார்கழிக் குட்டிகள் துள்ளின. யார் மறுப்பார்கள்?

பிறகு சுனாமி வந்தது. கல்பாக்கம் கரையில் அலை இழுத்த தன் மகன் உயிரோடு கிடைத்ததற்காகச் சம்பூர்ணம் அக்கா அம்மனுக்கு ஒரு புதுக் கிடாவை நேர்ந்துவிட்டார். அந்தப் பங்குனியில் டாக்டர் ஓய்வுபெற்றார். அவர் நாற்காலிக்கு யாரும் வரவில்லை. நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன். ஆனாலும் சித்திரையில் டாக்டர் ஸ்கூட்டரில் துணி மூட்டையோடு வந்து நின்றார்.

"ரிட்டையர் ஆயிட்டீங்க சார், வூட்ல குந்துங்க," என்றார் தலைவர்.

"ஆடு ரிட்டையர் ஆகலையேப்பா."

மஞ்சள் துணியோடு சம்பூர்ணம் அக்காவின் வாசலுக்குப் போனார். அக்கா சொன்னது இது: "எம்புள்ளைய அந்த அலை புட்சி வெச்சிக்கல சார், வுட்டுடுச்சு. நானும் இத்தக் கட்டிப் போட மாட்டேன்."

டாக்டர் துணியை மடித்துக்கொண்டு திரும்பினார்.

அதன் பிறகு நடந்ததுதான் என் நெஞ்சை அறுக்கிறது. ஒரு கிடா அவிழ்ந்தாலும் வீண் என்றால், மற்றதை ஏன் கட்ட வேண்டும்? நீங்கள் அப்படித்தான் கேட்டீர்கள். அவர் பாடத்தை அவரிடமே ஒப்பித்தீர்கள். "ஒண்ணு போனா எல்லாம் வீண்னு நீதான் சார் சொன்ன!" ஒருவர்கூடக் கட்டவில்லை.

அந்தக் கார்த்திகையில் பெய்த மழையை நான் விவரிக்க வேண்டுமா? ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்தது. பட்டிகளில் முழங்கால் தண்ணீர். ஓய்வுபெற்ற மனிதர் பேருந்து நின்ற இடத்திலிருந்து மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். ஊசி போட்டார். குட்டிகளைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் வைத்தார். எத்தனை பிழைத்தன? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தை மாதம் அவர் நாற்காலிக்கே நான் மாற்றலாகி வந்தேன். போன மாதம் செங்கல்பட்டு மருத்துவமனையில் அவரைப் பார்த்தபோது உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சிவராம், பயமுறுத்தினா சீக்கிரம் கேப்பான்னு நெனச்சேன்டா. கேட்டா. பூராவும் கேட்டுட்டா. சம்பூர்ணத்தோட கிடா ஒண்ணுதான் திரிஞ்சிருக்கணும்." அதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதை ஊரிடம் அவரே வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். காலம் விடவில்லையே!

ஆகவே நான் சொல்கிறேன். எவ்வளவு வலுவான கிடாவானாலும் ஊர் ஆடுகள் அத்தனையையும் சினைப்படுத்த அதனால் முடியாது. மற்றக் கிடாக்களைக் கட்டியிருந்தால் பாதிக்கு மேல் குட்டிகள் பிழைத்திருக்கும். சம்பூர்ணம் அக்கா கூட்டத்தின் கடைசியில் நிற்கிறார். இத்தனை மாதமாக நீங்கள் அவரைத்தான் ஏசுகிறீர்கள். அக்கா, நீங்கள் தலைகுனிய வேண்டாம். உங்கள் கிடா இந்த வருஷமும் சும்மாவே திரியட்டும்.

மருந்தகச் சுவரில் இருந்த எழுத்தை நேற்று சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டேன். ரங்கநாயகி அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் அழித்தேன். "அவரே அழிச்சிருப்பார்" என்றார் அம்மா.

டாக்டர் வெங்கடராகவன் அவர்களே! உங்கள் படத்துக்கு மாலை போட்டாயிற்று. இந்த ஊரில் நான் இருக்கும்வரை உங்கள் வேலை நிற்காது. ஆனால் பயத்தைச் சொல்ல மாட்டேன், கணக்கைச் சொல்வேன்.

வைகாசி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. நாளைக் காலை மருந்தக வாசலில் துணியோடு நிற்பேன். கிடாக்களைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். எல்லோரும் வந்தால் நல்லது. பாதிப் பேர் வந்தாலும் நல்லது. ஒரே ஒருவர் வந்தாலும், அந்த ஒரு கிடாவுக்குக் கட்டிவிட்டுத்தான் நாஸ்தாவுக்குப் போவேன்.