இடக்கை உறை

ஊசியில் நூல் கோக்க எனக்கு இன்றைக்கும் கண்ணாடி வேண்டாம். எங்கள் தெருவில் என் வயதுக்காரிகள் எல்லாம் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். நான் நூல் முனையை நாக்கில் நனைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவேன். பொடித் தையலும் எனக்கு நன்றாக வரும், வெளியே தெரியாது. அதைக் கண்டுபிடித்தவள் நீ ஒருத்திதான், வினோலியா. என் வீட்டுக்காரரின் அடக்கம் முடிந்த வாரத்தில் உன் கையுறையைத் திரும்ப வாங்க வந்தாய். மணிக்கட்டுப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஆன்ட்டி, இதுல வரிசையா ஊசி ஓட்டை இருக்கே?" என்றாய். கிழிந்திருந்தது, தைத்தேன் என்றேன். நீ நம்பவில்லை. இன்னொரு முறை கேட்க உனக்கு மனம் வரவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் கைகால் விழுந்த பிறகுதான் நீ அவரைப் பார்த்தாய். அதற்கு முன்னால் மைன்ஸில் மண் வெட்டும் பக்கெட் வீல் எந்திரம் ஓட்டிய சைமன்ராஜை உனக்குத் தெரியாது. ராத்திரி சி ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பார். அந்த வாரம் முழுக்க நான் குக்கர் வைக்க மாட்டேன், விசிலுக்கு எழுந்துவிடுவார். பாத்திரத்தைத் துணி விரித்துத்தான் கவிழ்ப்பேன். பையனை அடுத்த பிளாக்கில் போய் விளையாடச் சொல்வேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. டவுன்ஷிப்பில் பாதி வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன. முப்பது வருஷத்தில் சத்தமில்லாமல் நடக்க, சத்தமில்லாமல் தும்மக்கூடப் பழகிவிட்டேன். ரிட்டயர்மென்ட் வந்தால் பகலில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

ரிட்டயர்மென்ட் நெருங்கியபோது ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "குவார்ட்டர்ஸ காலி பண்ணித்தான் ஆகணும். நான் மேல்பட்டாம்பாக்கத்துல தங்கச்சி ஸ்டெல்லா வூட்டோட இருந்துக்கறேன். நீ பெங்களூர்ல பையன்கிட்ட போய் இரு. உனக்கும் நிம்மதி." கோபமெல்லாம் இல்லை. அடுத்து, "ரசம் ஊத்து" என்றார். ஊற்றினேன்.

அந்த மழைக்காலத்திலேயே அவருக்கு வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: ஷிப்ட்டு. தண்ணீருக்கும் ஷிப்ட்டு, மாத்திரைக்கும் ஷிப்ட்டு, பார்க்க வந்த ஃபாதருக்கும் ஷிப்ட்டு. மற்றதையெல்லாம் இடக்கையால் பேசினார். டம்ளரைத் தட்டுவார், ஃபேனைக் காட்டுவார், பிடிக்காதவர்களை வாசலைக் காட்டி அனுப்புவார். நான் அடுப்படிக்குப் போனால் தலையைத் திருப்பி என்னைத் தேடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைத் தேடி நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த மாதங்கள் கஷ்டமாக இருந்தன என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அப்புறம்தான் நீ வந்தாய். பாண்டிச்சேரியில் பிசியோதெரபி மேல்படிப்பு, அதற்கு ஒரு ஆராய்ச்சி. நல்ல கைக்கு உறை போட்டு அடைத்துவிட்டு, விழுந்த கையை வேலை வாங்கினால் அது திரும்ப வரும், ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று, வீட்டில் வைத்துச் செய்தால் எப்படி என்று பார்க்கிறோம் என்றாய். அவருடைய வலது விரல்களில் லேசான அசைவு இருந்ததால்தான் சேர்த்துக்கொண்டாய்.

"கை சாகல ஆன்ட்டி. மூளை அத மறந்துபோச்சு. எந்தக் கைய சும்மா விட்டாலும் மூளை மறந்துடும். நீங்க பாவம் பார்த்து ஊட்டிவிடாதீங்க, அதான் முக்கியம். கிறிஸ்துமஸுக்குள்ள அங்கிள் தனியா பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்குப் போறாரா இல்லையா பாருங்க."

அவர் பாதி வாயால் சிரித்தார். இடக்கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். உனக்குத்தான் காட்டினார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன்.

நீ விளக்கமாகச் சொல்லிக்கொடுத்ததால் எனக்கு எல்லாம் புரிந்தது. பயிற்சி நேரத்துக்கு மட்டும் உறை என்று நீ சொன்னதை, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்று ஆக்கிக்கொண்டேன். ஊட்டாதே என்றாய், ஊட்டினேன். சட்டை நானே போட்டேன், முகம் நானே துடைத்தேன். அவர் வலக்கையை நீட்டும் முன்பே டம்ளர் அவர் உதட்டில் இருக்கும். ஒரு மனைவி இதைவிட என்ன செய்ய முடியும்? இடக்கை உறைக்குள் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. அவர் வேண்டாம் என்பதற்கும் வழி இல்லை, போ என்பதற்கும் வழி இல்லை. ஷிப்ட்டு என்பார். எனக்குப் பிடித்தமாதிரி அர்த்தம் பண்ணிக்கொள்வேன்.

நீ வந்து பார்த்து முகம் வாடினாய். வலக்கை வரவில்லை, இடது விரல்களும் விறைக்கின்றனவே, டாக்டரிடம் காட்டுங்கள் என்றாய். காட்டியதாகச் சொன்னேன்.

ஒருவர் மட்டும் கண்டுபிடித்திருக்கலாம். உன் ஆராய்ச்சியில் இருந்த கம்மாபுரத்துச் சடையப்பன், கான்ட்ராக்ட் ஆள். சைமன் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மத்தியானம் வந்தார்.

"அண்ணே, காலைல நானே பீடி பத்த வெச்சேன். விழுந்த கையாலதான். மீசை கொஞ்சம் கருகிடுச்சி, பரவால்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்புறம் உறையைப் பார்த்தார். "இன்னாக்கா, எனக்கு பயிற்சி முடிஞ்சா கழட்டிடச் சொல்லுது அந்தப் பொண்ணு. அண்ணன் எப்பவும் மாட்டிக்கினே கீறாரு?"

என் வீட்டுக்காரர் உறையை நாற்காலிக் கையில் ஓங்கி ஓங்கி அடித்தார். ஷிப்ட்டு, ஷிப்ட்டு என்றார். என் குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

"நீங்க கான்ட்ராக்ட். இவர் பெர்மனென்ட். இவங்களுக்கு ட்ரீட்மென்ட் வேற."

சடையப்பன் உடனே தலையாட்டினார். "அது சரி. கம்பெனி குடுக்கற சோப்புலருந்து பூட்ஸ் வரைக்கும் வேறதானே. வைத்தியம் மட்டும் ஒண்ணா இருக்குமா?" எழுந்து, "அண்ணே, நீங்க குடுத்து வெச்சவரு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இவர் வாசலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் பர்ரென்று ஒரு சத்தம். உறையின் ஒட்டுப்பட்டை பிரிகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அவருடைய வலக்கை விரல்கள் பட்டையின் நுனியைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை. நான் பக்கத்தில் இல்லாத நேரமெல்லாம் பழகியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் பழகியதால் உன் வைத்தியம் பலித்திருந்தது. எனக்கு மனம் வலித்தது. என்னிடம் மறைப்பார் என்று நினைக்கவில்லை.

அவரைத் திட்டவில்லை. உறையைச் சரியாகப் போட்டேன். ஊசி எடுத்துவந்து பட்டையைச் சுற்றித் தைத்தேன், பொடித் தையல். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் படுக்கும்போது பிரிப்பேன், காலையில் தைப்பேன். நீ வரும் நாட்களில் தைக்க மாட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஸ்டெல்லா போன் செய்தாள். "அண்ணி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வர்றேன். அண்ணன எங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன். நீங்களும் எத்தினி நாளைக்குத்தான் தனியா பாத்துக்கினு இருப்பீங்க?" போனில் அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்.

ஞாயிறு காலை அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு உறையைத் தைத்தேன். பின்பக்கம் துணி காயப்போட்டுத் திரும்பும்போது அவர் வாசற்படியில் நின்றிருந்தார். விழுந்த கால் கொஞ்சம் தேறியிருந்தது; சுவரில் சாய்ந்தே வந்திருக்கிறார், கோல் இல்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க இடக்கையை நீட்டினார். உறை கம்பியில் வழுக்கியது. மறுபடி நீட்டினார். நான் கூடத்தில் நின்றிருந்தேன். எட்டிப் பிடிக்கிற தூரம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். முப்பது வருஷம் அவர் இருக்கிற வீட்டில் குரல் எழுப்பிப் பழக்கமில்லை. மூன்றாவது முறை உறை வழுக்கியபோது சாய்ந்தார். பின்தலை படிவிளிம்பில் பட்டது.

நான் ஓடவில்லை. உள்ளே போய்ச் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். அவருக்கு உயிர் இருந்தது, கண் திறந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவசரப்பட்டால் துணி கிழிந்துவிடும். கடைசி நூலையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் பக்கத்து வீட்டுப் பார்வதியைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உன் ஆராய்ச்சியில் அவரைப் பலன் இல்லாதவர்களோடு சேர்த்துவிட்டதாகச் சொன்னாய். அதை மாற்றிவிடு, மா. நான் தையல் பிரித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவருடைய வலக்கை என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியும் இழுத்தும் பார்த்தது. நல்ல பிடி, நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. சாமான்யத்தில் விடவில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சும்மாதான் சொல்லியிருக்கிறார். கடைசியில் என்னை விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை.