கீரிமலைக்குப் போன எலும்புகள்

"அம்மா எலும்பெல்லாத்தையும் கீரிமலைக் கடலிலை கரைச்சிட்டாவடி."

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்த மருத்துவபீட மாணவி தோழியிடம் இப்படிச் சொன்னதும், ஜன்னல் வெயில் என் மடியில் குளிர்ந்துபோயிற்று.

"விசரே உனக்கு! ரெண்டு பேரும் காசு போட்டு சீனியர் அக்காட்டை வாங்கினதடி அது!"

"கட்டிலுக்குக் கீழை வச்சிருந்தனான். அறை கூட்டேக்கை அம்மா கண்டிட்டா. ஆரோ பெத்த பிள்ளை இப்பிடிக் கிடக்கிறதோ எண்டு வெள்ளைத் துணியிலை கட்டிக்கொண்டு போயிட்டா."

"அடுத்த கிழமை சோதினை. இனி என்னத்தைத் தொட்டுப் படிக்கிறது, உன்ரை மண்டையையோ? கொம்மாட்டைக் காசு வாங்கு, வேறை எலும்பு எடுப்பம்."

"கேக்கத்தான் போனனான்."

பஸ் நாவற்குழிப் பாலத்தில் ஏறியது. இருபுறமும் நீர், உப்புக்காற்று. அவள் குரல் தணிந்தது.

"கிரியை செய்த ஐயர் செத்தவரின்ரை பேரைக் கேட்டிருக்கிறார். அம்மா காணாமல் போன எங்கடை அண்ணையின்ரை பேரைச் சொல்லியிருக்கிறா. அவன் செத்திட்டான் எண்டு சொன்ன ஆக்களோடை இவ்வளவு வருசமும் கதையாமல் இருந்த மனுசியடி. வந்து முழுகிப்போட்டு, அவன்ரை படத்துக்கு மாலையும் போட்டிட்டா. நான் எப்பிடிப் போய்க் காசு கேக்கிறது?"